சோதனை ஓட்டத்தை எடைபோடுவது எப்படி?

1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடந்ததால், ஃபார்முலா 1 பந்தயம் நமக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் பந்தயங்கள் தொடங்குமுன் அணிகள் சோதனை ஓட்டம் நடத்துகின்றன. அதில் முந்தும் அணியே வெல்லும் எனக் கூறிவிடலாமா?

2019-இல் பார்சிலோனா சோதனையில் ஃபெராரியின் வெட்டல் மிக விரைவான சுற்றை ஓட்டினார். மெர்சிடிஸின் ஹாமில்டன் 0.003 வினாடியே பின்தங்கினார். ஆனால், அவ்வாண்டின் முதல் ஐந்து பந்தயங்களிலும் முதலிரு இடங்களை மெர்சிடிஸே பிடித்தது!

காரணங்கள் மூன்று:

1. எரிபொருள்: 10 கிலோ கூடினால், சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி கூடும். யார் எவ்வளவு நிரப்பினார் என்பது வெளியே தெரியாது.

2. டயர்: மென்மையான டயர் விரைவு தரும், ஆனால் சீக்கிரம் தேயும்.

3. இயந்திரம்: சோதனையிலேயே முழு ஆற்றலையும் காட்ட வேண்டிய கட்டாயமில்லை.

ஆகவே, ஒரு சுற்றை மட்டும் பார்க்காதீர்கள். தொடர்ந்து 15, 20 சுற்றுகள் ஓடும்போது நேரம் சீராக உள்ளதா, நாள் முழுவதும் பழுதின்றி ஓடுகிறதா எனப் பாருங்கள்.

எனினும், பட்டியல் எப்போதும் பொய்யன்று. 2001-இல் சோதனையில் வேகம் காட்டிய ப்ரோஸ்ட் அணி, அவ்வாண்டு 4 புள்ளிகளே பெற்றது. 2009-இல் அவ்வாறே வியப்பூட்டிய பிரான் அணியோ இரு பட்டங்களையும் வென்றது.

நண்பர்களே, எஸ்.டி.பி.எம். முன்னோட்டத் தேர்வில் பழகிய கேள்விகளே வந்ததால் நான் வகுப்பில் முதலிடம் பெற்றேன். உண்மைத் தேர்வில் இரண்டு பாடங்களில் சறுக்கினேன். அன்று நான் குறைந்த எரிபொருளில் ஓடியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.