வேலை அட்டவணையில் நாள் கணக்குப் பிழைகள்

தடுப்பணை, சிறுபாலம், மேல்நிலை நீர்த்தொட்டி முதலிய வேலைகளை எடுத்துச் செய்யுமுன், எந்தப் பகுதி எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பதைக் கணிப்பொறியில் கணித்து, அச்சிட்ட அட்டவணையாகக் காட்டுவதுண்டு. அச்சில் வந்த தேதியாயிற்றே என்று நாம் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஓடையின் குறுக்கே கட்டும் தடுப்பணை ஐப்பசி மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். அட்டவணையில் ஒரு வாரம் தவறினால், பாதி எழும்பிய சுவரை வெள்ளம் கொண்டுபோகும் அபாயம் உண்டு. ஆதலின் அத்தாளைச் சோதிக்கும் வகையைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். இதற்குக் கணிப்பொறிப் பயிற்சி தேவையில்லை. சுவர் நாட்காட்டியும் ஒரு பென்சிலும் போதும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1950-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயனக் கம்பெனியும், கணிப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டு கம்பெனியும் சேர்ந்து இதனை உருவாக்கின. 1958-இல் அந்நாட்டுக் கடற்படையும் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக இதையொத்த 'பெர்ட்' முறையைக் கையாண்டது. பெயர் பெரிதாயினும் கணக்கு எளிது. ஒரு வேலையின் முடிவு நாளோடு அடுத்த வேலைக்கு வேண்டிய நாட்களைக் கூட்ட வேண்டும். ஒன்றுக்கு முன் இரண்டு வேலைகள் முடிய வேண்டுமாயின், அவற்றுள் பிந்தி முடிவதை எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கூட்டலில் கணிப்பொறி தவறுவது அரிது. எதை 'நாள்' என்று அதற்குச் சொல்லிவைத்தோம் என்பதிலேதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

பலரும் உபயோகிக்கும் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் என்னும் மென்பொருளைக் கொண்டே இதை விளக்குவோம். தடுப்பணை ஒன்றில் நான்கு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரம் தோண்ட 6 நாள். அடித்தளக் கான்கிரீட் போட 2 நாள். அதனை ஈரங்காயாமல் நீராற்ற 7 நாள். சுவர் கட்ட 12 நாள். ஒரு திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. ஞாயிறு மட்டும் ஓய்வு. விரல்விட்டு எண்ணுங்கள். தோண்டுதல் முதல் வாரச் சனியன்று முடிகிறது. கான்கிரீட் இரண்டாம் வாரச் செவ்வாய் மாலை முடிகிறது. நீராற்றுதல் மூன்றாம் வாரச் செவ்வாய் மாலை வரை. சுவர், புதன் தொடங்கி ஐந்தாம் வாரச் செவ்வாயன்று, அதாவது 30-ஆம் நாளில் முடிகிறது.

இதையே மென்பொருளில் மாறுதல் ஏதும் செய்யாமல் பதிந்தால் 37-ஆம் நாள் என்று விடை வரும். ஏழு நாள் எங்கே போயிற்று? தாளின் முடிவுத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தால் இது விளங்காது. மேலிருந்து வரிவரியாக எண்ணிக்கொண்டு வந்து, நம் கணக்கும் தாளும் முதன்முதலாக எங்கே வேறுபடுகின்றன என்று காண வேண்டும். பிழை அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றுட் பல அதன் வழி வந்தவையே. ஒரு பிழையைத் திருத்தியபின் மீண்டும் மேலிருந்தே தொடங்குக.

இங்கே முதல் வரியிலேயே வேறுபாடு காணப்படுகிறது. மென்பொருளின் வழக்கமான நாட்காட்டியில் ஞாயிறோடு சனியும் விடுமுறை. நம் கொத்தனார்கள் சனிக்கிழமை வேலை செய்கிறார்கள் என்பதை அது எவ்வாறு அறியும்? ஆயுத பூஜையையும் ஊர்த் திருவிழாவையும்கூட நாமே அதன் நாட்காட்டியில் குறித்தாக வேண்டும்.

அடுத்த பிழை மூன்றாம் வரியில். கான்கிரீட்டுக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் பேதமில்லை. விடுமுறை நாளிலும் அது இறுகிக்கொண்டேயிருக்கிறது. மென்பொருளோ 7 நாள் என்றால் ஏழு வேலை நாள் என்றே கொள்ளும். 'டே' என்னும் அலகுக்கு முன் 'இ' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் பதிந்தால்தான் இரவு பகல், விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். அவ்வாறு பதிந்த வரியில் ஆளைச் சேர்த்தல் ஆகாது. சேர்த்தால் அவர் நாளொன்றுக்கு 24 மணி நேரம் உழைப்பதாகக் கணக்கிட்டு, ஏழு நாளுக்கு 168 மணி நேரக் கூலி எழுதிவிடும். எட்டு மணி வேலைப்படி அது 21 நாள் கூலி. தண்ணீர் ஊற்றும் ஆளின் கூலியைத் தனி வரியாக வைப்பதே முறை.

நீராற்றலைச் சாதாரண வேலை நாட்களாகப் பதிந்து அதில் ஆள் சேர்ப்பது வேறு விபரீதத்தில் முடியும். வேலை என்பது நாளையும் ஆளையும் பெருக்கி வருவது என்பதே மென்பொருளின் சூத்திரம். ஓர் ஆளை இரண்டாக்கினால் வழக்கமான அமைப்பில் ஏழு நாளை மூன்றரை நாளாகக் குறைத்துவிடும். மண் வெட்டுவதற்கு இது ஓரளவு பொருந்தும், சிமெண்டுக்குப் பொருந்துமா? சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் நீராற்ற வேண்டும் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் எந்தச் சிமெண்டாயினும் 10 நாளுக்குக் குறைதல் கூடாது. அட்டவணையில் நீராற்றும் நாட்கள் குறைந்திருக்கக் கண்டால் கையெழுத்திட வேண்டாம். மற்றப் பிழைகளால் தேதிதான் கெடும். இதனால் அணையே கெடும்.

'வாரம்' என்னும் சொல்லிலும் எச்சரிக்கை தேவை. நாட்காட்டியை ஆறு நாள் வாரமாக மாற்றிய பின்னும், மென்பொருள் ஒரு வாரத்தை 40 மணி, அதாவது ஐந்து நாள் என்றே வைத்திருக்கும். சுவருக்கு 12 நாள் என்பதற்குப் பதில் 2 வாரம் என்று பதிந்தால் பத்தே நாள் கொடுத்து, 27-ஆம் நாளில் வேலை முடிந்ததாகக் காட்டும். வாரத்துக்கு 48 மணி என்று மாற்றுக. அன்றி எல்லாவற்றையும் நாட்களிலேயே எழுதுக.

முந்திய வேலை விரைவில் முடிந்தும் பிந்தியது நகராமல் நிற்பதுண்டு. யாரேனும் அவ்வரியில் தொடக்கத் தேதியைக் கையால் பதிந்திருப்பார்கள். அதை 'இதற்கு முன் தொடங்காதே' என்னும் கட்டளையாக மென்பொருள் கொள்ளும். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் புதிய வரிகள் தாமாக நகராத வகையிலேயே அமைகின்றன; அவற்றைத் தானியங்கு வகைக்கு மாற்ற வேண்டும். சில வேளை தானாகக் கணக்கிடும் வசதியே நிறுத்தப்பட்டிருக்கும். 'எஃப் 9' பொத்தானை அழுத்தினால் தேதிகள் சரியாகும்.

இறுதியாக, எத்தனை சதவிகிதம் முடிந்தது என்னும் வரி. இதனை மென்பொருள் கழிந்த நாட்களைக் கொண்டு கணிக்கிறதேயன்றி, கட்டிய கன அளவைக் கொண்டு அன்று. மேற்படி நான்கு வரிகளின் நாட்களைக் கூட்டினால் 27. நீராற்றுதல் முடிந்த அன்றே அவற்றுள் 15 கழிந்துவிடும். பாதிக்கு மேல் வேலை முடிந்ததாகத் தாள் கூறும். ஓடையிலோ சுவருக்கு ஒரு கல்லும் ஏறியிராது. ஒப்பந்தக்காரர் இந்தச் சதவிகிதத்தைக் காட்டிப் பட்டியல் தொகை கேட்பாராயின், தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அளவுப் புத்தகத்தில் இஞ்சினீயர் பதிந்துள்ள நீள அகல உயரங்களையே நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.