வளரிளம் பருவத்தினர் மனநலமும் கைப்பேசியும்

வளரிளம் பருவத்தைப் 'புயலும் அலைக்கழிப்பும்' நிறைந்தது என அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904இல் வெளியிட்ட நூலில் வருணித்தார். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இதனை நாம் மனப்பாடமாகவே படித்தோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் புயல் வீசுவதில்லை என்று பின்வந்த அறிஞர்கள் திருத்தினர். ஆயினும் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், புயல் எட்டிப்பாராத வீடு அரிதே.

முன்னாளில் தேர்வு முடிவுகள் நாளிதழில் பதிவெண்களாக வெளிவரும். தன் எண்ணைக் காணாத பிள்ளையைச் சுற்றி நாலு பேராவது கூடுவர். அவர்தம் பேச்சு சிலவேளை புண்படுத்தும். எனினும் பிள்ளை தனித்திருக்கவில்லை. இன்று முடிவு கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. வீடூர், பெருமண்டூர், விழுக்கம் போன்ற ஊர்களிலிருந்து திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அதனைத் தனியே அறிந்து, தனியே அழ நேரிடுகிறது.

இவ்வேளையில் பெற்றோர் பலர் முதலில் செய்வது யாது? "எல்லாம் இதனால் வந்த வினை" என்று கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதே. கைப்பேசியால் கேடில்லை என நாம் வாதிடவில்லை. இப்பருவத்தினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். அதனைக் கைப்பேசி களவாடுகின்றது. ஆனால் துயருற்ற இரவில் அதனைப் பறிப்பது, உதவிக்கு உள்ள ஒரு வாயிலையும் அடைப்பதாகும்.

அந்த வாயிலின் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, 'டெலி மானஸ்' என்னும் பெயரில் இச்சேவையைத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இதனை வழிநடத்துகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் செவிமடுப்பார். தேவைப்படின் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நேரில் சிகிச்சை வேண்டுமெனில் மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். விழுப்புரம் மாவட்டத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 2024 அக்டோபரில் டெலி மானஸ் செயலியும் வெளியிடப்பட்டது. தமிழக அரசின் 104 எண்ணும், குழந்தைகளுக்கென 1098 எண்ணும் உள்ளன.

எண்ணைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. ஆசிரியர் அனுபவத்தில் நாம் கண்டது: துன்பம் வந்தபின் கற்பிக்கும் பாடம் மனத்தில் ஏறாது. தேர்வுக்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், பிள்ளையைக் கொண்டே அந்த எண்ணைக் கைப்பேசியில் பதியச் செய்க. "எங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல், என்ன பேசினாய் என்று கேட்கமாட்டோம்" என உறுதி கூறுக. கூறியபடியே நடக்கவும் வேண்டும். தாத்தா, பாட்டியர்க்கு இது கடினம். பேரப்பிள்ளையின் மனத்தில் உள்ளதெல்லாம் தமக்குத் தெரிந்தாக வேண்டும் என்பர்.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பிள்ளைகள் மனம் திறக்கின்றனர். அவை கனிவாக விடை தருவது உண்மை. ஆனால் கேட்டவர் விரும்புவதையே சொல்லும் இயல்பு அவற்றுக்கு உண்டு. எதிரிலிருப்பவர் குரல் நடுங்குவதைக் கண்டு ஓடி வந்து கதவைத் தட்டவும் இயலாது. பாட ஐயத்திற்கு அவை உதவட்டும். உயிர் ஊசலாடும் துயருக்கு மனிதக் குரலே வேண்டும். "இருந்து பயனில்லை" என்பது போன்ற சொல்லைப் பிள்ளை வாயில் கேட்டால், அதனை விளையாட்டென்று தள்ளாது, தனியே விடாது, உடனிருந்து 14416ஐ நீங்களே அழைக்கலாம். பெற்றோரும் பேசத்தக்க எண்ணே அது.

வீட்டில் நாள்தோறும் சாமாயிகத்திற்கென நாற்பத்தெட்டு நிமிடம் ஒதுக்குவோர், அந்நேரம் எல்லார் கைப்பேசியையும் ஒரே தட்டில் வைக்கலாம். பெரியவர் கைப்பேசி முதலில் தட்டுக்கு வரட்டும்.

தேர்வில் தவறியவர்க்குத் துணைத்தேர்வு அதே ஆண்டில், சில வாரங்களிலேயே நடைபெறுகிறது, ஓராண்டு வீணாவதில்லை. முடிவு வெளிவரும் காலை, மதிப்பெண்ணைக் கேட்கும் முன் இச்செய்தியைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.