ஜப்பானிய உச்சரிப்பு: குறில் நெடில் கவனம்

ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே: அ, இ, உ, எ, ஒ. இவற்றுக்கு நெடிலும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நாம் பள்ளியில் படித்த கணக்கேதான்.

அளவு தப்பினால் பொருள் மாறும். 'ஒபஸன்' என்றால் அத்தை, நடுத்தர வயதுப் பெண்மணி. 'ஒபாஸன்' என்றால் பாட்டி! 'பிரு' கட்டடம், 'பீரு' பீர். (இரண்டிலும் 'பஸ்' என்பதில் வரும் 'ப'.)

வாடிக்கையாளரை உறவுமுறை சொல்லாமல் 'ஒக்யகுஸம' என்பதே கடை மரபு. இதில் 'கு'வின் உகரத்தைக் குற்றியலுகரம் போலத் தேய்த்துச் சொல்ல வேண்டும்.

'ல' தனியாக இல்லை, 'ர' போதும்.

யென் நாணயத்தை அவர்கள் 'என்' என்பர். 1000 யென், 'ஸென் என்'. விலை பேசுமுன் இவற்றை உரக்கச் சொல்லிப் பழகுவோம்.