பழைய படகின் பிறப்புக் குறிப்பு

மாணவர்களே! அமெரிக்காவில் கட்டப்பட்ட பழைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்றுக்கு வண்ணம் பூசப்போவதாகக் கொள்வோம். மேற்பூச்சைத் தொட்டால் கையில் மாவுபோல் ஒட்டுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டித்ததே காரணம்.

உப்புத்தாளை எடுக்குமுன், பின்பலகையின் வலப்புற மேற்பகுதியைப் பாருங்கள். 1972 நவம்பர் முதல் கட்டப்பட்டதாயின், அங்கே 12 குறிகள் இருக்க வேண்டும். முதல் மூன்று கட்டியவரைச் சுட்டும். அடுத்த ஐந்து வரிசை எண். இறுதி நான்கு காலம். தொடக்க ஆண்டுகளின் ஒரு முறைப்படி, 0676 என்றால் 1976 ஜூன்.

இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தேய்த்துவிட்டால் படகின் வரலாறே தூசாகிவிடும். பிறகு கரைப்பானால் மெழுகைத் துடைத்து, முகமூடி அணிந்து தேயுங்கள். முறை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் புகும்; வண்ணம் ஒட்டாது.