நாகசுரச் சக்கரவர்த்தி

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் ஒரு வீட்டில் திருமணம் என்றால், அழைப்பிதழ் பெறாதவரும் அதனை அறிந்துகொள்வர். விடியற்காலையில் காற்றில் மிதந்து வரும் நாகசுர ஒலியே அச்செய்தியைத் தெருவெங்கும் கூறிவிடும். திருமணமாயினும் திருவிழாவாயினும், நாகசுரமும் தவிலும் முழங்கிய பின்னரே நிகழ்ச்சி தொடங்குதல் நம் நாட்டு மரபு. அதனாலேயே அதற்கு ‘மங்கல இசை’ என்னும் பெயர் அமைந்தது. ஆனால், அவ்விசையை எழுப்பிய கலைஞர்க்கு நம் சமுதாயம் நெடுங்காலம் உரிய இருக்கையை அளித்ததா? இல்லை. அந்த இருக்கையைத் தம் கலையாலும் தன்மான உணர்ச்சியாலும் பெற்றவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை.

இவர் 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள், சோழ நாட்டுத் திருமருகலில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகசுர வித்துவானாக விளங்கிய தாய்மாமன் நடேச பிள்ளை இவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். பிற்காலத்தில் ஊரின் பெயரே இவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது.

நாகசுரக் குடும்பத்தில் வளர்ந்தபோதிலும், இவர் முதலிற் கற்றது வாய்ப்பாட்டு ஆகும். பிடில் வாசிப்பதில் பெரும்புகழ் பெற்ற திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இவர் பாடப் பயின்றார். பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரப் பயிற்சி பெற்றார். வாய்ப்பாட்டிற் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. குரலின் குழைவும் நெளிவும் இவர் குழலில் அப்படியே ஒலித்தன. நாகசுரம் பேசுகின்றது, பாடுகின்றது என்று கேட்டோர் வியந்தனர். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் ஆற்றல் இவருக்கு இருந்தது. அவ்விராகங்களுள் தோடி இவருக்கே உரியது எனக் கருதப்பட்டது. இவர் வாசித்த தோடி இசைத்தட்டாக வெளிவந்து, ஊர்தோறும் ஒலித்தது.

இவர் காலத்திற்கு முன் பெரிதும் வழங்கியது ‘திமிரி’ என்னும் குட்டையான நாகசுரம். அதன் சுருதி மிக உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், தேரோடும் வீதியில் நெடுந்தொலைவு கேட்பதற்கு அஃது ஏற்றதாயிருந்தது. ஆனால் அரங்கில் அமர்ந்து நுட்பமாகக் கேட்பதற்கு அவ்வளவு உயர்ந்த சுருதி பொருந்தவில்லை. குழல் நீண்டால் சுருதி தாழும். ஒலி ஆழமும் இனிமையும் பெறும். இவ்வுண்மையை உணர்ந்த இராசரத்தினம் பிள்ளை, திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையின் அரங்கநாத ஆசாரியாரைக் கொண்டு நீண்ட நாகசுரத்தை உருவாக்கச் செய்தார். அதுவே ‘பாரி நாகசுரம்’ என வழங்குவது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்யும் தொழில் அவ்வூரில் இன்றும் நடைபெறுகின்றது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கலைஞரின் செவியும் தச்சரின் கையும் ஒன்றுகூடியதன் பயன் இது.

கருவியை மாற்றியவர், அதனை வாசிப்போர் நிலையையும் மாற்ற முனைந்தார். பாடகரும் வீணை வாசிப்பாரும் மேடையில் அமர்ந்து சபையினரின் மதிப்பைப் பெற்ற காலத்தில், நாகசுரக் கலைஞர் மேலாடையை இடையிற் கட்டிக்கொண்டு, ஊர்வலத்தின் முன்னே நின்றும் நடந்தும் வாசித்தனர். இவ்வேறுபாடு இராசரத்தினம் பிள்ளையின் நெஞ்சை உறுத்தியது. ‘இசை ஒன்றே, அதனை வாசிப்போரில் மட்டும் உயர்வு தாழ்வு ஏன்?’ என்பதே இவர் வாழ்க்கை எழுப்பிய வினா எனலாம். பட்டுச் சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்து இவர் அவைக்கு வந்தார். மேடையிட்டு இருக்கை அளித்தாலன்றி வாசிக்க இசையார். இதனைச் செருக்கு என்றோரும் உண்டு. ஆனால் இவர் கேட்ட இருக்கை இவருக்கு மட்டும் உரியதன்று. இவருக்குப்பின் வந்த நாகசுரக் கலைஞர் பலர்க்கும் அது பயன்பட்டது.

புகழ் இவரைத் தேடி வந்தது. 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காளமேகம்’ என்னும் திரைப்படத்தில் இவர் கவிஞர் காளமேகமாக நடித்தார். 1947 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவுக்குச் செங்கோல் அளிக்கத் தில்லி சென்ற குழுவில் இவரும் இருந்தார். வீதியில் நின்று ஒலித்த தமிழகத்து நாகசுரம், விடுதலை விழாக் காலத்தில் நாட்டின் தலைநகரில் ஒலித்தது.

இவரிடம் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. பெரும்பொருள் ஈட்டினார், ஆயினும் அதனைச் சேர்த்து வைக்க அறிந்திலர். வந்த பொருள் வந்தவாறே செலவாயிற்று. 1956 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் சென்னையில் இவர் மறைந்தார். செல்வம் நிலைக்கவில்லை, இசை நிலைத்தது. இவர்தம் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் அவ்விசை மரபைத் தென்பாண்டி நாட்டில் தொடர்ந்து வளர்த்தார்.

மாணவர்களே! அடுத்த முறை உங்கள் ஊர்த் திருமணப் பந்தலில் நாகசுரம் ஒலிக்கும்போது, உணவுக்கு விரைவதற்கு முன் சற்று நின்று செவிமடுங்கள். வாசிப்பவர் எங்கே அமர்ந்திருக்கின்றார் என்பதையும் நோக்குங்கள். அவர் அமர்ந்துள்ள மேடையின் பின்னே ஒரு மனிதரின் நெடிய உழைப்பும் உறுதியும் உண்டு. தொழிலை உயர்த்துபவர் அத்தொழில் செய்வோர் அனைவரையும் உயர்த்துகின்றார் என்பதை இராசரத்தினம் பிள்ளையின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.