மொகல்லா குழுக்கள்: பிவண்டி தரும் பாடம்

பல மொழியினரும் பல சமயத்தினரும் அருகருகே வாழும் நகரங்களில் அமைதியைக் காப்பது காவல் துறையின் கடமை மட்டுமன்று; குடிமக்களின் கடமையுமாகும். இக்கருத்து நடைமுறையில் பயன் தந்தமைக்கு மகாராஷ்டிரத்தின் பிவண்டி நகரம் தக்க சான்றாகும்.

மும்பைக்கு வடகிழக்கே, தானே மாவட்டத்தில் அமைந்துள்ள பிவண்டி, விசைத்தறித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மராத்தியர், உத்தரப் பிரதேசத்திலிருந்து குடியேறிய முஸ்லிம் நெசவாளர், தெலுங்கு பேசும் பத்மசாலியர் எனப் பல திறத்தாரும் அங்கு வாழ்கின்றனர். 1970 மே மாதத்தில் சிவாஜி ஜயந்தி ஊர்வலத்தையொட்டி மூண்ட கலவரமும், 1984 மே மாதக் கலவரமும் அந்நகரில் பல உயிர்களைப் பலிகொண்டன.

குழுக்களின் அமைப்பு

1988-இல் அங்குக் காவல் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோபடே, பகுதிதோறும் மொகல்லா குழுக்களை ஏற்படுத்தினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெற்ற இக்குழுக்கள், காவலர்களுடன் முறையாகக் கூடின. அண்டை வீட்டாரிடையே எழும் சிறு பூசல்கள் அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. கலவரம் மூண்டபின் கூட்டப்படும் அமைதிக் குழுக்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: இவை அமைதிக் காலத்திலேயே இயங்கின. அதனால் வதந்தி பரவும் வேளையில் யாரிடம் சென்று உண்மையறிவது என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது.

சோதனையும் பயனும்

1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அம்மாதத்திலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அண்மையிலிருந்த பிவண்டியோ அமைதி காத்தது. இதன் பின்னர், 1994-இல் முன்னாள் காவல் ஆணையர் ஜூலியோ ரிபேரோ, அப்போதைய ஆணையர் சதீஷ் சாஹ்னி, சமூகப் பணியாளர் சுஷோபா பர்வே ஆகியோரின் முயற்சியால் மும்பையிலும் மொகல்லா குழு இயக்கம் தோன்றியது.

எனினும், ஒருமுறை பெற்ற வெற்றி என்றென்றைக்கும் காப்பாகிவிடாது. 2006 ஜூலையில், காவல் நிலையக் கட்டடம் ஒன்று குறித்து அதே பிவண்டியில் எழுந்த மோதலில் காவலர் இருவர் கொல்லப்பட்டனர். காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் மாண்டன. மக்களிடையே நிலவும் நம்பிக்கையைப் போலவே, மக்களுக்கும் காவல் துறைக்கும் இடையேயுள்ள நம்பிக்கையும் இடையறாது பேணப்பட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அண்டை வீட்டாரை ஐயத்துடன் நோக்குவது கண்காணிப்பாகாது. பூசல் சிறிதாக இருக்கும்போதே அதனைக் கண்டு, இரு தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து தீர்ப்பதே உண்மையான கண்காணிப்பு. இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. தவறாமல் கூடும் பழக்கமே தேவை.