யூரியாவா, யூரியா நைட்ரஜனா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

திருவட்டாற்றில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். அந்தப் படிப்பு வீட்டுக்கு உதவிய நிகழ்ச்சி ஒன்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் காலில் வீக்கம் கண்டது. ஓர் ஆய்வகத்தில் இரத்தம் சோதித்து, "பிளட் யூரியா 84" என்று எழுதித் தந்தார்கள். இரு வாரம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் சோதித்தோம். தாளில் "பி.யூ.என். 40" என்றிருந்தது.

"பாதியாட்டு கொறஞ்சு போச்சு மக்களே, இனி மருந்து எதுக்கு?" என்றார் அப்பா. அம்மை ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கே புறப்பட்டுவிட்டாள்.

எனக்கு மட்டும் ஐயம். பி.யூ.என். என்பது யூரியா அன்று. யூரியாவில் அடங்கிய நைட்ரஜனின் எடை மட்டுமே. யூரியா மூலக்கூறில் கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 4, இரு நைட்ரஜன் அணுக்கள் 28. ஆக மொத்தம் 60. எனவே,

யூரியா × 28/60 = யூரியா நைட்ரஜன்
யூரியா நைட்ரஜன் × 60/28 (அதாவது 2.14) = யூரியா

40ஐ 2.14ஆல் பெருக்கினேன். 85.6 வந்தது! நோய் ஒரு துளியும் குறையவில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் யூரியா ஏறத்தாழ 15 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்கலாம். நைட்ரஜனாகச் சொன்னால் 7 முதல் 20 வரைதான். யூரியாவுக்கு எல்லையான 40, நைட்ரஜனுக்கு இருமடங்கு மிகை.

ஏன் இந்த இரட்டை வழக்கு? யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கும். பழைய முறைகளில் அந்த அம்மோனியாவின் நைட்ரஜனையே அளந்தார்கள். அமெரிக்காவில் அவ்வழக்கம் நிலைத்தது. நம் நாட்டில் இரண்டும் உண்டு. இந்த நொதியை வாளவரை இனத்து விதையிலிருந்து 1926இல் படிகமாக்கிய சம்னர், 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அப்பாவிடம், "நூறு பங்கு யூரியாவில் 46 பங்குக்குச் சற்று மேல் நைட்ரஜன்" என்றேன். "அது நம்ம உரச்சாக்கில போட்டிருக்க கணக்குல்லா!" என்றார். ஆம், வயலுக்கு இடும் யூரியாவும் இரத்தத்திலுள்ள யூரியாவும் ஒரே பொருள்தான்.

அன்று மாலையே மருத்துவரிடம் சென்றோம். நிறுத்தவிருந்த மருந்து தொடர்ந்தது. யூரியாவை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தை எடைபோட முடியாது, கிரியேட்டினினும் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

நண்பர்களே, சோதனைத் தாளில் எண்ணைப் பார்க்குமுன் அதன் பெயரைப் பாருங்கள்; இயல்பளவையும் பாருங்கள். வீட்டில் படித்தவர் நாம் ஒருவரே என்றால், அது நம் கடமை.